ஆதரவாயிருந்தவள்: திருச்சபைப் பள்ளிகளும் பெண்களின் தலைமையும்

விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றங்கரையின் பழைய கோபுரங்களுக்கு அடுத்தபடியாக வெளியூரார் கேட்டறிந்து காணச் செல்வது பீங்கான் தொழிற்கூடங்களையே. நெய்வேலிச் சுரங்க மண்ணோடு கிடைக்கும் வெண்களி இங்கே கூழாகக் கரைக்கப்பட்டுச் சுண்ண அச்சுகளில் வார்க்கப்படுகிறது. அச்சு நீரை உறிஞ்ச, களி அச்சின் உருவை ஏற்றுக்கொள்கிறது. பின்னர் அதனைப் பிரித்தெடுத்து, விளிம்பு சீவி, மெருகு பூசிச் சூளைக்கு அனுப்புகின்றனர். பொம்மையாவதும் மின்கம்பத்துக் காப்பாவதும் களியின் விருப்பத்தால் அன்று, அச்சினால் ஆவதாகும். இக்கூடங்களில் வார்ப்பதிலும் சீவுவதிலும் பெண்களின் கைகள் ஓயாது இயங்குவதைக் காணலாம்.

இந்நகரை அடுத்த ஒரு திருச்சபைப் பள்ளியில், சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆசிரியை ஒருவரின் பணிநிறைவு விழாவுக்கு நான் அழைக்கப்பட்டிருந்தேன். பள்ளியின் பெயரும் அம்மையாரின் பெயரும் இங்கே வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். தலைமையாசிரியர் பதவி காலியான மூன்று தடவைகளிலும் ‘பொறுப்பு’ ஏற்றவர். மூன்று தடவைகளிலும் பொறுப்பு மட்டுமே அவருடையதாயிற்று, பதவி வேறொருவருக்குச் சென்றது. அன்று கண்ணாடிச் சட்டமிட்டு அவருக்கு வழங்கப்பெற்ற வாழ்த்து மடலை உரக்க வாசித்தார்கள். தாயுள்ளம், பொறுமை, தியாகம், மெழுகுவர்த்தி, பள்ளிக்கு என்றும் ஆதரவு என்னும் சொற்கள் அதில் நிரம்பியிருந்தன. அவர் எழுதிய கால அட்டவணைகளைப் பற்றியோ, தணிக்கையாளர் முன் அவர் ஒப்புவித்த கணக்குகளைப் பற்றியோ, இரண்டு முறை அவர் தடுத்து நிறுத்திய மாணவர் கலவரத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. விழா முடிந்தபின் அம்மையார் என்னிடம், “ஐயா, இந்த மடலில் என் பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த டீச்சர் பெயரைப் போட்டாலும் சரியாகத்தான் இருக்கும்” என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இலக்கியத் திறனாய்வு கவிதைக்கும் நாவலுக்கும் மட்டும் உரியதன்று. நம்முடைய நிறுவனங்கள் எழுதும் வாழ்த்து மடல்களும், மலர்களும், தீர்மானப் புத்தகங்களும் இலக்கியங்களே. அவையும் திறனாய்வுக்கு உட்பட வேண்டும். ‘ஆதரவு’ என்னும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு அத்தகைய திறனாய்வொன்றை இங்கே முயல்வோம். பெண்கள் ஆதரவாயிருக்கிறார்கள் என்று சொல்ல நமக்குத் தெரிகிறது. பெண்கள் தலைமைக்கு உயர நாம் எவ்வாறு ஆதரவாயிருக்கிறோம் என்ற வினாவை எழுப்ப மட்டும் நாம் தயங்குகிறோம்.

1. பெபேயாளுக்கு நேர்ந்தது

ரோமருக்கு எழுதின நிருபத்தின் 16ஆம் அதிகாரத் தொடக்கத்தில் பவுல் கெங்கிரேயா சபையைச் சேர்ந்த பெபேயாளைப் பரிந்துரைக்கிறார். அவளைக் குறிக்க அவர் ஆளும் கிரேக்கச் சொற்களுள் ஒன்று ‘புரோஸ்தாத்திஸ்’ என்பது. நாம் வழிவழியாக வாசித்துவரும் தமிழ்த் திருமறை அதனை ‘ஆதரவாயிருந்தவள்’ என்று பெயர்க்கிறது. இதனைப் பிழை என்று சொல்லிவிட முடியாது. பொருளாலும் செல்வாக்காலும் பிறரைப் புரந்து காத்தவர்களுக்கு அக்காலத்தில் இச்சொல் வழங்கியதுண்டு.

ஆயினும் இச்சொல்லின் வேர் ‘முன்னே நிற்றல்’ என்பதாகும். அதே வேரிலிருந்து பிறந்த வினைச்சொல்லைப் பவுல் அதே நிருபத்தின் 12ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில், சபையை முன்னின்று நடத்துவோரைக் குறிக்க ஆளுகிறார். அங்கே நம் மொழிபெயர்ப்பு தரும் சொல் ‘முதலாளியானவன்’ என்பது. ஒரே நிருபத்தில், ஒரே வேர்ச்சொல், ஆணுருவில் வந்தபோது முதலாளியாயிற்று, பெண்ணுருவில் வந்தபோது ஆதரவாயிற்று. மொழிபெயர்த்தோர் தீய எண்ணத்துடன் இதனைச் செய்தனர் என்று நான் கருதவில்லை. அவர்களுடைய உலகில் முன்னிற்கும் பெண்ணுக்கு ஆயத்தமான சொல் இல்லை. அச்சு எதுவோ, களியும் அதுவே ஆயிற்று.

பிரிஸ்கில்லாளின் கதையும் இத்தகையதே. அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில், வேதாகமங்களில் வல்லவனாகிய அப்பொல்லோவைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு தேவனுடைய மார்க்கத்தை அவனுக்கு மேலும் தெளிவாக விளக்கியவர்கள் பிரிஸ்கில்லாளும் அவள் கணவன் ஆக்கில்லாவும். பழமையான கிரேக்கக் கைப்பிரதிகள் அவ்விடத்தில் பிரிஸ்கில்லாளின் பெயரை முதலில் வைக்கின்றன. பிற்காலப் பிரதிகள் கணவனின் பெயரை முன்னே நகர்த்தின. அவற்றின் வழிவந்த நம் தமிழ்த் திருமறையிலும் ஆக்கில்லாவே முதலில் நிற்கிறான். கற்பித்தவள் இடம் மாற்றப்பட்டதை ஓதுவோருள் எத்தனை பேர் அறிவர்?

பெண் உபதேசம்பண்ணவும் அதிகாரஞ்செலுத்தவும் ஆகாது என்று 1 தீமோத்தேயு 2ஆம் அதிகாரம் கூறுகிறதே என்று இவ்விடத்தில் சிலர் எழுந்து நிற்பர். இவ்வினாவை ஒதுக்கிச் செல்லுதல் நேர்மையாகாது. அந்நிருபத்தின் முதல் அதிகாரப்படி தீமோத்தேயு தங்கியிருந்த நகரம் எபேசு. பிரிஸ்கில்லாள் அப்பொல்லோவுக்கு விளக்கிக் காட்டிய நகரமும் எபேசுவே. ஒரே நகரத்துச் சபையைக் குறித்து இவ்விரு செய்திகளும் நம்முன் இருக்க, ஒன்றை எக்காலத்துக்குமுரிய சட்டமாகவும் மற்றொன்றை வெறும் குடும்பச் செய்தியாகவும் கொள்வது எவ்வகை வேத விளக்கம்? மேலும், அந்நிருபம் வழிபாட்டுச் சபையின் ஒழுங்கைப் பற்றியது. அரசு மானியம் பெற்று, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் கணிதமும் அறிவியலும் கற்பிக்கும் பள்ளியின் தலைமையாசிரியர் அறைக்கு அதனைக் கொண்டு வருவோர், அதே பள்ளியில் பெண்கள் வகுப்பறையில் உபதேசிப்பதை மட்டும் தடுப்பதில்லை. குறைந்த சம்பளத்துக்குக் கற்பிக்கலாம், கையொப்பமிட்டு ஆளுதல் ஆகாது என்பது வேதத்தின் கொள்கையன்று. அது நம்முடைய வசதியின் கொள்கை.

2. நம் மாவட்டத்தின் இரு பெண்கள்

தென்னிந்தியாவில் சீர்திருத்தத் திருச்சபையார் பெண்கல்வியில் முன்னோடிகள் என்பது நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707ஆம் ஆண்டிலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824ஆம் ஆண்டில் ஹேரியட் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கிய விடுதிப்பள்ளி இன்றும் நடைபெறுகிறது. ஆயினும் பெண்களுக்குக் கற்பித்த வரலாறும், பெண்களிடம் ஆளுகையை ஒப்படைத்த வரலாறும் ஒன்றன்று. உடுவிலிலேயே 2016ஆம் ஆண்டில், தங்கள் பெண் அதிபர் பதவி விலக வேண்டுமென்று ஆட்சிக்குழு எடுத்த முடிவை எதிர்த்து மாணவியர் வாயிலில் அமர்ந்து போராடினர். பெண் ஒருத்தி தலைமை நாற்காலியில் அமர்ந்தாலும், நாற்காலியை நகர்த்தும் கை யாருடையது என்னும் வினா தீர்ந்துவிடுவதில்லை.

விருத்தாசலம் 1993 வரை பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தில் 1860களிலிருந்து உழைத்தது டேனிஷ் மிஷன். அதன் வழித்தோன்றலே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. அம்மிஷன் வட்டாரத்தில் பணியாற்றிய இரு டேனிஷ் பெண்களின் வரலாறு நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. ஒருவர் ஆன் மேரி பீட்டர்சன், மற்றவர் எஸ்தர் ஃபேரிங். இருவரும் கல்வி நிலையங்களைக் கண்டுவரும் பயணத்தில் 1917ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காந்தியடிகளின் ஆசிரமம் சென்று அவரைச் சந்தித்தனர். அத்தொடர்பு வளர்ந்தது. திருக்கோவிலூரில் பணியாற்றிய எஸ்தர், காந்தியடிகளோடு கொண்ட நட்பை மிஷன் தலைமை ஏற்காமையால் 1919ஆம் ஆண்டில் மிஷனை விட்டு விலகினார். பீட்டர்சனும் மிஷன் அமைப்பினின்று வெளியேறிப் பரங்கிப்பேட்டையில் சேவா மந்திர் என்னும் தேசியக் கிறிஸ்தவப் பெண்கள் பள்ளியை நிறுவினார். அதற்கு 1921ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டியவர் காந்தியடிகள். 1951ஆம் ஆண்டில் மறையும் வரை பீட்டர்சன் அப்பணியிலேயே நிலைத்திருந்தார்.

இவ்வரலாற்றைத் தேசபக்தியின் கதையாக மட்டும் சொல்வது நம் வழக்கம். பள்ளித் தலைமையின் கதையாகவும் அதனை வாசிக்கலாம். தன் சமயப்பற்றையும், தான் பணிபுரியும் மக்களின் நாட்டுணர்வையும் ஒருங்கே மதிக்கும் கல்விமுறையைப் பற்றி ஒரு பெண்ணுக்குத் தெளிவான நோக்கு இருந்தது. அந்நோக்கினைச் செயற்படுத்த அவர் அமைப்பினின்று வெளியேற வேண்டியதாயிற்று. அமைப்பு அவரிடம் உழைப்பை விரும்பியது, நோக்கினை விரும்பவில்லை.

எஸ்தருக்குக் காந்தியடிகள் எழுதிய கடிதங்கள் ஆலிஸ் பார்ன்ஸ் அம்மையாரால் தொகுக்கப்பெற்று 1956ஆம் ஆண்டில் நவஜீவன் வெளியீடாக வந்தன. ‘மை டியர் சைல்ட்’, அதாவது ‘என் அன்புக் குழந்தாய்’ என்பது நூலின் தலைப்பு. கனிவு ததும்பும் நூல் அது. ஆயினும் திறனாய்வாளன் இரண்டு செய்திகளைக் கவனியாதிருக்க இயலாது. முதலாவது, அந்நூல் ஒரு தரப்பின் குரல். கடிதம் பெற்றவளின் ஐயங்களையும் போராட்டங்களையும் நாம் எழுதியவரின் மறுமொழிகளிலிருந்தே ஊகிக்க வேண்டியுள்ளது. இரண்டாவது, முப்பது வயதை எட்டிக்கொண்டிருந்த, அரசின் ஐயப் பார்வையையும் மிஷனின் கண்டனத்தையும் தாங்கி நின்ற ஒரு பெண், நூலின் முகப்பில் குழந்தையாக நிற்கிறாள். காந்தியடிகள் பலரையும் அவ்வாறு அன்போடு விளித்தவர், அவர்மீது குறையில்லை. தொகுத்துத் தலைப்பிட்ட மரபையே நான் சுட்டுகிறேன். அந்த விளிப்பின் கனிவையும் அந்த வாழ்த்து மடலின் தாயுள்ளத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பெண்ணைக் குழந்தையாகவோ தாயாகவோ அழைக்க நம்மிடம் சொற்கள் மிகுதி. உடன்பணியாளராகவும் தலைவராகவும் அழைக்கவே சொற்பஞ்சம்.

3. உரிமையும் கணக்கொப்புவித்தலும்

இனி நம் காலத்துக்கு வருவோம். அரசுப் பள்ளிகளில் பதவி உயர்வு பெரும்பாலும் முன்னுரிமைப் பட்டியலின் வழி நடைபெறுகிறது. பட்டியலில் பெயர் வரும்போது ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் முறை வந்து சேரும். அரசுப் பணியில் பெண்களுக்கென 1989ஆம் ஆண்டில் 30 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது, அதனை 40 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2021ஆம் ஆண்டில் வந்தது. அவ்வொதுக்கீடு நேரடி நியமனத்துக்கே உரியது. வாயிலில் நுழையச் சட்டம் கைகொடுக்கிறது, மாடிப்படி ஏறக் கைகொடுப்பதில்லை. ஆயினும் முன்னுரிமைப் பட்டியல் என்பது கண்ணுக்குப் புலனாகும் ஓர் ஒழுங்கு. யார் முந்தியவர், யார் பிந்தியவர் என்று எவரும் சரிபார்க்கலாம்.

நம் உதவிபெறும் பள்ளிகளின் நிலை வேறு. ஏறத்தாழ அரை நூற்றாண்டு நடைமுறையிலிருந்த 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் சட்டத்தின் கீழ் 1974ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற விதிகள், பதவி உயர்வு தகுதி, திறமை ஆகியவற்றின் அடிப்படையில் வழங்கப்பட வேண்டும் என்றும், அவை ஏறத்தாழச் சமமாக இருக்கும்போதே பணிமூப்பு கருதப்பட வேண்டும் என்றும் கூறின. அச்சட்டத்தின் இடத்தில் 2018ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2023 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இவற்றுக்கு மேலாக, அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குத் தம் கல்வி நிறுவனங்களை நிர்வகிக்கும் உரிமையை வழங்குகிறது. தமக்கு விருப்பமான தகுதியுள்ள ஒருவரைத் தலைமைப் பதவிக்குத் தெரிந்துகொள்வது அவ்வுரிமையின் இன்றியமையாத கூறு என்று உச்ச நீதிமன்றம், பள்ளித் தலைமையாசிரியர் குறித்து 1998ஆம் ஆண்டிலும் கல்லூரி முதல்வர் குறித்து 2006ஆம் ஆண்டிலும் தீர்ப்பளித்துள்ளது.

இவ்வுரிமையை நான் மதிக்கிறேன். அதற்காகத் திருச்சபைகள் நீதிமன்றங்களில் போராடியது நியாயமே. ஆனால் உரிமையின் மறுபக்கத்தை நாம் எண்ணிப் பார்த்தோமா? பணிமூப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது என்றால், பெண்ணைத் தெரிந்துகொள்ளாமைக்குப் பணிமூப்பைக் காரணம் காட்டவும் நமக்கு வழியில்லை. அரசின் ஆணை நம்மைத் தடுக்கவில்லை, நீதிமன்றம் தடுக்கவில்லை. தெரிந்துகொள்ளும் விடுதலை முழுவதும் நம் கையில் இருக்கிறது. ஆகையால் நம் பள்ளிகளின் தலைமையாசிரியர் பெயர்ப்பலகை நம்முடைய சுய சாட்சியாகும். பெண்கள் பள்ளியின் பலகையில் அன்றி வேறெங்கும் பெண் பெயர் எழுதப்படாத திருச்சபை இருக்குமானால், அது தன் நம்பிக்கை அறிக்கையை அப்பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறது எனலாம்.

‘தகுதியும் திறமையும்’ என்னும் தொடரையும் திறனாய்வு செய்ய வேண்டும். திறமை என்பது வானிலிருந்து இறங்குவதன்று, வாய்ப்பினால் விளைவது. கணக்கேட்டைத் தொடாதவருக்குக் கணக்குத் தெரியாது. கல்வி அலுவலகப் படியேறாதவருக்கு அலுவலகம் பழகாது. ஆசிரியர் குழுவின் ஆண்களில் ஒருவரைத் தாளாளர் தம்மோடு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்கிறார், கட்டட வேலையை மேற்பார்க்கச் சொல்கிறார், மானியக் கோப்பைத் தயாரிக்கச் சொல்கிறார். பத்தாண்டுகள் சென்றபின் அவரே திறமையுள்ளவர் ஆகிறார். அதே பத்தாண்டுகளில் ஆசிரியைக்கு ஒப்படைக்கப்படுவன காலை ஜெபம், ஆண்டுவிழா நடனம், விருந்தினர்க்குத் தேநீர். பின்னர்த் திறமையை ஒப்பிட்டுப் பார்க்கக் குழு கூடுகிறது. இது ஒப்பீடு அன்று. முன்னரே வார்த்து வைத்த அச்சைப் பிரித்துப் பார்ப்பது.

“பெண்களே வேண்டாமென்று சொல்லிவிடுகிறார்கள்” என்னும் மறுமொழியையும் கேட்டிருக்கிறோம். அது முழுப் பொய்யன்று. அரசுப் பணியிலும் பதவி உயர்வைத் துறந்து எழுதிக் கொடுக்கும் ஆசிரியைகள் உண்டு. ஆனால் எதனை வேண்டாமென்கிறார்கள்? தங்குமிடம் இல்லாத ஊரில், கடைசிப் பேருந்து சென்றபின் முடியும் ஆட்சிக்குழுக் கூட்டங்களோடு, ஒரு கையெழுத்துக்குப் பத்து முறை அலைக்கழிக்கப்பட்டு, வீட்டில் அடுப்பும் முதியோரும் காத்திருக்க, தவறினால் ‘பெண் என்றால் இப்படித்தான்’ என்னும் பேச்சையும் ஏற்கும் ஒரு பதவியை வேண்டாமென்கிறார்கள். அப்பதவி ஓர் ஆணின் வீட்டில் மனைவி இருப்பாள் என்று எண்ணி வடிவமைக்கப்பட்டது. வடிவை மாற்றாமல் அழைப்பை மட்டும் விடுப்பது, மறுமொழி என்னவென்று அறிந்தே கேட்கும் கேள்வியாகும்.

4. ஆதரவு என்பது யாதெனில்

அப்படியானால் நாம் செய்யத்தக்கது என்ன? பெரிய திட்டங்கள் வேண்டா. செலவில்லாத சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ‘பொறுப்பு’ என்னும் நிலைக்குக் காலவரை விதிக்க வேண்டும். ஒருவர் ஓராண்டு பொறுப்பை ஒழுங்காக நடத்தினாரென்றால் அதுவே தேர்வு. அதன்பின் வேறொருவரைத் தெரிந்துகொள்ளும் குழு, காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அவரிடமே தர வேண்டும். எழுத வேண்டிவரும் காரணம் வாயால் சொல்லும் காரணத்தைவிட நேர்மையாக இருக்கும்.

இரண்டாவது, பட்டதாரி ஆசிரியைகள் பணியேற்ற சில ஆண்டுகளுக்குள்ளேயே கணக்கு, மானியம், தணிக்கை, கால அட்டவணை, பெற்றோர் கூட்டம் ஆகியவற்றில் சுழற்சி முறையில் பயிற்சி பெற வேண்டும். பதவி வரும் நாளில் பயிற்சியைத் தேடுவது, மழை வந்தபின் கூரை வேய்வது போன்றது.

மூன்றாவது, ஆட்சிக்குழுவில் ஒரு பெண் அடையாளத்துக்கு அமர்ந்தால் போதாது. தனித்த ஒருவரின் குரல் எளிதில் நகைப்பால் மூடப்படும். இருவர் மூவரேனும் இருந்தால்தான் ஒருவர் சொன்னதை மற்றவர் வழிமொழிய இயலும். கூட்டங்கள் பகலில் நடைபெற வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்ததே.

நான்காவது, இறையியல் கல்லூரிகளாகிய நமக்குரியது. பள்ளித் தாளாளர்களாகச் செல்வோருள் பலர் நம் வகுப்பறையிலிருந்து செல்லும் ஆயர்களே. பெபேயாளின் சொல்லுக்கு நாம் கொடுக்கும் விளக்கம் அவர்களோடு ஆட்சிக்குழுவின் மேசை வரை செல்கிறது. ரோமர் 16ஐ வெறும் வாழ்த்துரைப் பட்டியலாகக் கடந்து செல்லும் ஆசிரியர், தாம் அறியாமலே ஒரு நியமனத்தைத் தீர்மானித்துவிடுகிறார். தென்னிந்தியத் திருச்சபை 2013ஆம் ஆண்டில் புஷ்பலலிதா அம்மையாரை நந்தியால் பேராயராக அருட்பொழிவு செய்தது. ஒரு பேராயத்தையே பெண்ணிடம் ஒப்படைக்கலாம் என்று ஒரு திருச்சபை கண்டபின், ஓர் உயர்நிலைப் பள்ளியை ஒப்படைக்கத் தயங்குவதற்கு இறையியற் காரணம் எஞ்சியிருக்கிறதா?

பெண்கள் தலைமையேற்றால் பள்ளிகள் தாமாகச் சிறந்துவிடும் என்று நான் வாதாடவில்லை. கடுமையான தலைமையாசிரியைகளும் உண்டு, கவலையற்ற தலைமையாசிரியைகளும் உண்டு. குறைகளோடும் தலைமை தாங்கும் உரிமை ஆண்களுக்கு நெடுங்காலமாக இருந்துவருகிறது. பெண்ணிடம் மட்டும் நிறைவை முன்கூட்டியே எதிர்பார்ப்பது நீதியாகாது. மேலும், வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை பாடநூலை மட்டும் கற்பதில்லை. யார் கற்பிக்கிறார், யார் கையொப்பமிடுகிறார் என்பதையும் நாள்தோறும் கற்கிறது. அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் வேண்டியதில்லை, பெயர்ப்பலகையே போதும்.

எரேமியா தீர்க்கன் குயவன் வீட்டுக்கு அனுப்பப்பட்ட செய்தியை நம் நகரத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. குயவன் கையில் கெட்டுப்போன பாண்டம் வேறு பாண்டமாக வனையப்பட்டதை அவன் கண்டான். களி ஈரமாக இருக்கும்வரை அது இயலும். சூளைக்குப் போனபின் உடைக்கலாம், மாற்ற முடியாது. நம் பள்ளிகளின் வழக்கங்கள் சட்டத்தால் சுடப்பட்டவையல்ல. நம்முடைய தெரிந்தெடுப்பினால் ஆண்டுதோறும் புதிதாக வார்க்கப்படுபவை. அடுத்த கல்வியாண்டில் எங்கோ ஒரு பள்ளியில் தலைமைப் பதவி காலியாகும். மூன்று முறை பொறுப்பு வகித்த ஒருவர் அங்கேயும் இருப்பார். குழு கூடும்போது அவருடைய பெயரை முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும். ஆதரவு என்னும் சொல்லுக்கு அங்கே அதுவே பொருள்.